அடுக்கைக் காணோம்

"அடுக்கைக் காணோம்" என்றது போனில் பேராசிரியரின் குரல்.

பிக்சலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க சார்?"

"முதல் வரியிலயே. எக்ஸோட அடுக்கு ரெண்டுன்னு இருக்கணும். இங்க எக்ஸ், அதுக்குப் பக்கத்துல ரெண்டு. எக்ஸ் ரெண்டு! அது என்னப்பா, பஸ் நம்பரா?"

பிக்சல் தன் திரையைப் பார்த்தார். எக்ஸின் தோளில் குட்டி இரண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பிக்சல் என்பது அந்தக் கணித இதழ் அலுவலகத்தில் அவருக்கு விழுந்த பெயர். இணையப் பக்கம் வடிவமைப்பவர். ஒரு கோடு மயிரிழை நகர்ந்திருந்தாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. வேலைக்குப் புதுசு. பேராசிரியரின் நிரூபணத்தை இணையத்தில் ஏற்றுவதுதான் கைக்கு வந்த முதல் பெரிய வேலை.

"அவர் வாயால 'சரி'ன்னு வரட்டும், அன்னைக்கே உங்க வேலை நிரந்தரம். வரலைன்னா ரெண்டு பேருக்கும் சங்கடம்" என்று மேனேஜர் அம்மா சொல்லியிருந்தார். பிக்சலோ, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று முந்திக்கொண்டு மாமியாரிடம் அளந்துவிட்டிருந்தார்.

நிரூபணத்தில் ஒரு வரிகூட அவருக்குப் புரியவில்லை. பேராசிரியர் சூத்திரங்களை எல்லாம் வார்த்தையிலேயே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். பெரிய மனிதர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பிக்சல்தான் குறியீடாக மாற்றினார். மாற்ற மாற்ற மனிதர் சொக்கிப் போனார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், பின்னத்துக்குள் பின்னம் என்று பக்கம் பக்கமாகத் திரண்டு வந்த அத்தனையும், கடைசிக்கு முந்தின வரியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மாய்ந்தன. கடைசி வரியில் தன்னந்தனியாக ஓர் ஒன்று மட்டும் நின்றது. அம்மாடி! அதைப் பார்த்தபோது அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு மண்டைக்குள் இவ்வளவும் எப்படி இருந்தது?

பிக்சல் அடுக்கை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, தடிமனாக்கி அனுப்பினார். உடனே போன் அடித்தது.

"அதே பஸ் நம்பர்தான். அது கிடக்கட்டும், எட்டாவது வரியில வகுத்தல் கோடு எங்க? மேல உள்ளதும் கீழ உள்ளதும் அண்ணன் தம்பி மாதிரி வரிசையா நிக்குது."

பிக்சல் வாயைப் பிளந்தார். இவர் திரையில் கோடு இருந்தது. ஆனால் சற்று மெல்லிய கோடு. அதைப் போய்க் கண்டுபிடித்துவிட்டாரே!

"அது கண்ணு இல்ல மேடம், கழுகு!" என்றார் மேனேஜர் அம்மாவிடம். "நீங்க அவரை நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"எங்க? எனக்கும் போன்லதான் பழக்கம். அந்தக் குரலைக் கேட்டா நான் சீட்டை விட்டு எழுந்துடுவேன்."

கோட்டைப் பெருவிரல் தடிமனுக்கு ஆக்கினார் பிக்சல். போதாதென்று சிவப்பு பூசினார்.

"கோடு இல்லப்பா" என்றார் பேராசிரியர். "சரி, நான் சொல்றேன், சரிபார்த்துக்கோ."

சொல்ல ஆரம்பித்தார். எட்டாவது வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், அடைப்புக்குறி திறப்பதும் மூடுவதும் உட்பட, மூச்சு விடாமல் சொன்னார். பிக்சல் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்தார். ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில்கூட, பிசகவில்லை. போனை வைத்ததும் ஓடிப்போய் மேனேஜர் அம்மாவிடம் சொன்னார்.

"காகிதத்தைப் பார்த்துப் படிச்சிருப்பார்" என்றார் மேனேஜர் அம்மா.

"காகிதம் புரட்டுற சத்தமே வரல மேடம்."

அப்போதுதான் பிக்சலுக்கு மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது. பேராசிரியரின் கம்ப்யூட்டர் ஆதிகாலத்தது. எழுத்தாக அனுப்பினால்தானே அது கலைத்துப் போடும்? படமாக அனுப்பினால்?

ஒவ்வொரு சூத்திரத்தையும் படமாக்கினார். மேனேஜர் அம்மா வந்து எட்டிப் பார்த்து, "ஃப்ரேம் போட்டு மாட்டலாம் போலிருக்கே!" என்றார். பிக்சலுக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் விஷயம் தீர்ந்தது என்றே முடிவு கட்டிவிட்டார்.

படங்களை அனுப்பியதும் போன் அடித்தது. "என்னப்பா பண்ணித் தொலைச்ச?" என்றார் பேராசிரியர். "சூத்திரம் பூராவும் போச்சு! 'ஆகவே' இருக்கு, 'எனவே' இருக்கு. எதனால ஆகவே, எதுக்கு எனவே, ஒண்ணையும் காணோம்!"

"பெரிசு பண்ணி அனுப்புறேன் சார்!"

பெரிசு பண்ணினார். ஒரு சூத்திரமே திரையை அடைத்துக்கொண்டது. அடைப்புக்குறியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக மவுசை உருட்டி உருட்டிப் பிக்சலின் விரல் வலித்தது.

"ஒண்ணுமே இல்லப்பா" என்றார் பேராசிரியர். இந்தத் தடவை அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "என் ஆயுசுல பாதி அதுல இருக்கு. நாளைக்கு ஊர் உலகமே படிக்கப் போகுது. வெறும் 'ஆகவே'யாவா போகணும் அது?"

பிக்சலுக்கு நிரந்தர வேலை, மாமியார் எல்லாம் அந்த நிமிடம் மறந்தே போயிற்று. அவ்வளவு பெரிய அறிவின் முன்னால் ஒரு வகுத்தல் கோட்டைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அலுவலகத்திலேயே பெரிய, புத்தம்புது மானிட்டரைப் பிடுங்கி எடுத்தார்.

"எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று மேனேஜர் அம்மா அலறினார்.

"அவர் வீட்டுக்கு. அவர் ஸ்க்ரீன்லதான் கோளாறு. இதுல மாட்டிக் காட்டிட்டு, அந்த 'சரி'யோடதான் வருவேன்!"

பேராசிரியர் வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி. மானிட்டரைக் கட்டிப்பிடித்தபடி மூச்சு வாங்க நின்ற பிக்சலை அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்தார். உள் அறையிலிருந்து, ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல் கேட்டது.

"படம். ஆகவே. படம். எனவே. படம். படம்."

"உள்ள யாரும்மா?" என்றார் பிக்சல். "குழந்தைக்குப் பாடம் நடக்குதா?"

"இந்த வீட்டுல குழந்தை ஏதுப்பா? நீ யாரு?"

"இதழ் ஆபீஸ்லேருந்து வரேன்மா. ஐயா பார்வைக்கு என்னோட கும்பிடு. நான் கோடு கோடா இழைச்சு அனுப்புறேன், அவர் ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. எந்த ஸ்க்ரீன்ல பாக்குறாருன்னு மட்டும் காட்டுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

அந்த அம்மாள் மானிட்டரை ஒரு தடவை பார்த்தார். பிக்சலை ஒரு தடவை பார்த்தார்.

"அதை அங்கயே இறக்கி வச்சுடுப்பா. அவருக்குப் பிறந்ததுலேருந்தே கண்ணு தெரியாது. கம்ப்யூட்டர் வாசிக்கிறதைக் காதால கேட்டுத்தான் அத்தனை கணக்கும் போட்டாரு."