ஆஸ்பத்திரி பாயின் பார்வையாளர் நேரம்

எனக்குத் தெரிந்து, ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஆஸ்பத்திரி பாயைப் போல இத்தனை உயிர்களை இவ்வளவு அக்கறையாகக் கொன்றவர் வேறு யாரும் இல்லை. ரோஜா, கனகாம்பரம், கறிவேப்பிலை, யாரோ பெங்களூரிலிருந்து மடியில் வைத்துத் தாலாட்டிக்கொண்டு வந்த ஆர்க்கிட் என்று எல்லாம் அவர் கையில்தான் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் ஜனங்கள் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. வேறு இடத்தில் செடி செத்தால் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். பாயிடம் செத்தால் அவர் வாசல் கேட்டுக்கு வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, "எங்களால ஆனதெல்லாம் பாத்தோம்ங்க" என்பார். அந்த மரியாதைக்காகவே ஆள் வந்தது.

புதூர்நாட்டுக்கு ஜீப் ஏறுகிற முக்கில் அவருடைய நர்சரி. நான் மலைமேல் ஒரு பள்ளியில் தமிழாசிரியை, வீடு திருப்பத்தூரில். ஆள் நிறையாமல் ஜீப் கிளம்பாது. நிறைகிறவரை பாயின் பலாமரத்து நிழலில் நிற்போம். அப்படி நின்று நின்றுதான் அவர் கதை எனக்குத் தெரியவந்தது. பெயர் மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

வாணியம்பாடியில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் தரம் பிரிக்கிறவராக இருந்தாராம். ஈரத்தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டி, இது முதல் தரம், இது கழிவு என்று சொல்கிற வேலை. மனைவிக்கு உடம்பு முடியாமல் போய், வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் மாதக்கணக்கில் கிடந்தார். அந்த அம்மாள் திரும்பி வரவில்லை. திரும்பி வந்த இவரும் தோல் ஷாப்புக்குப் போகாமல், அடிவாரத்தில் இந்த இடத்தை வாடகைக்குப் பிடித்தார். செடியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆஸ்பத்திரியைப் பற்றி எல்லாம் தெரியும்.

ஆகவே நர்சரியில் ஆஸ்பத்திரிச் சட்டம்தான். வாடின செடியை 'அட்மிட்' பண்ண வேண்டும். பலாமரத்தடி ஜெனரல் வார்டு. பச்சை வலை கட்டிய பந்தல் ஐ.சி.யூ. விடியற்காலையில் ஓ.பி. சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை பார்வையாளர் நேரம். ஒரு பேஷண்ட்டுக்கு ஒரு அட்டெண்டர். மருந்து ஒன்றே ஒன்று: சுண்ணாம்புத் தண்ணீர். தோல் ஷாப்பில் முடியை உதிர்ப்பது முதல் பாதி வேலையைச் செய்தது சுண்ணாம்புதான் என்பதால் அதன்மேல் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை.

பலாப்பழ வியாபாரி ஒருவர் ஒருநாள் மலைக்குப் போகிற அவசரத்தில் எட்டிப் பார்த்தார்.

"பாய், நம்ம எலுமிச்சங்கன்ன ஒரு பார்வ பாத்துட்டுப் போய்ட்றேன்."

"மணி இன்னா?"

"பதினொண்ணு."

"நாலு மணிக்கு வா."

"மேல போய்ட்டா நாளைக்குத்தான் எறங்குவேன் பாய்."

"அப்ப நாளைக்கு வா. ரவுண்ட்ஸ் நேரத்துல ஆளுங்க வந்து நின்னா பேஷண்ட்டுக்கு டென்சன் ஆவும்."

"செடிக்கு இன்னா பாய் டென்சன்?"

"அது உனக்கு எப்டித் தெரியும்? நீ நிக்கசொல்லோ நல்லா சிரிச்சிட்டு நிக்கும். நீ போன அப்பறம்தான் அழுவும்."

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகன் அரவிந்த் பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு ஒரு பெட்டியோடு வந்து நின்றான். ஏன் என்று கேட்டதற்கு "முடியலமா" என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அப்பாவுக்கு ஓசூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுப் போவார். நான் தட்டில் சோறு வைப்பேன். பாதி திரும்பி வரும். மணிக்கு ஒருமுறை ஏதாவது சாக்கு வைத்துக் கதவைத் திறந்து, மூச்சு விடுகிறானா என்று பார்த்துவிட்டு மூடுவேன்.

ஒருநாள் கதவின் அடியில் ஊதா வெளிச்சம் தெரிந்தது. பதறிப்போய்த் திறந்தேன். துணி அலமாரிக்குள் ஒரு விளக்கு. அதன்கீழே வரிசையாகக் காகிதக் கப்புகளில் முளைச்செடிகள்.

"என்னப்பா இது?"

"மூலிகைமா. சும்மா டிரை பண்றேன்."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. எதையோ வளர்க்கிறான், எதற்கோ காலையில் எழுந்திருக்கிறான். ஆனால் அந்தச் செடிகள் வளரவில்லை. கட்டைவிரல் உயரத்தில் வந்து அப்படியே நின்றுவிட்டன. இலை வெளுத்து, ஓரம் சுருங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு மகன் என்னிடம் பேசினான். பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான். மண்ணில் ஈரம் அதிகமோ, விளக்கு ரொம்ப உயரமோ, உரம் போட்டது தப்போ, ரூம் குளிர்ச்சியோ என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"எல்லாருக்கும் இந்நேரம் இலை விரிஞ்சிடுதுமா. போட்டோ போட்றாங்க. எனக்கு மட்டும் நின்னுபோச்சு."

இந்தச் செடிகள் செத்தால் இவன் என்ன செய்துகொள்வானோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. மறுநாள் அவன் தூங்கும்போது ஒரு கப்பை எடுத்து, டிபன் கேரியருக்குப் பக்கத்தில் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி பாயிடம் காட்ட.

நான் போன நேரம் ஓ.பி. முடிந்திருந்தது. "சாயங்காலம் கொண்டாங்க டீச்சரம்மா" என்றார். ஜீப் ஹாரன் அடித்தது. கப்போடு மலை ஏறினேன்.

பாவம், செடிக்கு வெயில் படட்டும் என்று ஆசிரியர் அறை ஜன்னலில் நாள் முழுவதும் வைத்திருந்தேன். தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, "வெந்தயக் கீரையா டீச்சர்?" என்றார். "மூலிகை சார், என் பையன் போட்டது" என்றேன் பெருமையாக. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போதை ஒழிப்பு ஊர்வலத்துக்கு நாங்கள் பிடித்துப்போன பேனர் சுருட்டி வைத்திருந்தது. அதில் விரல் விரலாக விரிந்த இலைப் படம் உண்டு. அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கோஷங்கள் எழுதியது நான். என் மகனுடைய செடிக்கு விரல் விரிகிற அளவுக்கு வளர்ச்சி இல்லை. இருந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

இறங்கும்போது செக்போஸ்டில் ஜீப்பை நிறுத்தினார்கள். மலையிலிருந்து இறங்குகிற பையை எல்லாம் பிரித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். புளிமூட்டையைக் கூடக் குத்திப் பார்த்த ஏட்டு, என்னிடம் வந்ததும், "டீச்சரம்மா பை வாணாம்" என்றார். அதோடு விடவில்லை. அவருக்கு டூட்டி முடிந்துவிட்டதாம். பாயிடம் அட்மிட் ஆகியிருக்கிற அவர் வீட்டு ரோஜாவை ஆறு மணிக்குள் பார்க்க வேண்டுமாம். எங்கள் ஜீப்பிலேயே ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வளைவுல கஷ்டப்படுறீங்களே, குடுங்க, நான் வச்சுக்கறேன்" என்று என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அடிவாரம் வரைக்கும் அலுங்காமல் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

நர்சரியில் ஏட்டு ரோஜாவிடம் போனார். நான் கப்பை எடுத்துப் பாயிடம் நீட்டினேன். வழக்கம்போல இலையைக் கட்டைவிரலில் வைத்து உருட்டினார். உருட்டிய விரல் நின்றது. கண்ணருகே கொண்டுபோய் இலையின் ரம்பப் பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார். கப்பைத் தரையில் வைத்து, பக்கத்திலிருந்த இரும்பு வாளியைத் தூக்கி, அதன்மேல் சத்தமில்லாமல் கவிழ்த்தார்.

"இன்னா பாய் அது?" என்றார் ஏட்டு.

"தொத்து வியாதி."

"இன்னா வியாதி?"

"பேரு இன்னும் வெக்கல. ரோஜாவுக்குத்தான் மொதல்ல தொத்துமாம். ஏட்டய்யா கொஞ்சம் அந்தாண்ட போனா தேவல."

ஏட்டு ரோஜாத் தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அவர் போன பிறகு பாய் இன்னொரு வாளியைக் கவிழ்த்து, "ஒக்காருங்க டீச்சரம்மா" என்றார். உட்கார்ந்தேன்.

"இது கஞ்சா. எங்க மொளச்சுது?"

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது ஊர்வலத்துக்கு நான் எழுதிய கோஷம். எதுகையெல்லாம் நன்றாக விழுந்திருந்தது. பிறகு ஏட்டின் மடி ஞாபகம் வந்தது. பிறகுதான் அழுகை வந்தது.

பாய் அழவிட்டார். பிறகு செடியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், "பையன் கடசியா எப்ப சிரிச்சான்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

"வூட்டுக்குப் போய் கத்தாதீங்க. காலைல நான் ரவுண்ட்ஸ் வர்றேன்."

வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் அதே வாளி. காணாமல் போன கப்பைச் செடி டாக்டரிடம் கொடுத்திருப்பதாக ராத்திரியே அரவிந்திடம் சொல்லியிருந்தேன். நான் தட்டினால் திறக்காத கதவை, "தம்பி, பேஷண்ட்டப் பாக்க வந்துகிறேன்" என்று அவர் சொன்னதும் அரவிந்த் திறந்துவிட்டான். அலமாரி முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாக உருட்டினார். தன் செடியை மதித்து ஒரு மனிதர் வந்திருக்கிறாரே என்று இவன் கொட்டித் தீர்த்தான். ஈரம், விளக்கு, உரம், குளிர்ச்சி எல்லாவற்றையும் கேட்டான். எல்லாக் கேள்விக்கும் பாய் தவறாமல் ஒரே பதிலைச் சொன்னார்.

"சுண்ணாம்பு பத்தல."

"அது இல்ல சார், வேர் சரியா எறங்கல."

"உனக்கு எப்டித் தெரியும்? தோண்டிப் பாத்தியா?"

அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"தெனமும் தோண்டிப் பாக்கறியா?"

"வந்துச்சான்னு பாத்தேன் சார். பயமா இருந்துச்சு."

"சரி. அம்மா உன் கதவ எத்தன தபா தொறந்து பாக்கறாங்க?"

அரவிந்த் என்னைப் பார்த்தான். "மணிக்கு ஒருவாட்டி" என்றான்.

"அப்ப ரெண்டும் ஒரே கேஸு" என்றார் பாய், வாளியை முன்னால் இழுத்துக்கொண்டு.

என் மகனின் உதடு ஓரமாக லேசாகக் கோணியது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"சீரியஸா கீது. எல்லாத்தையும் அட்மிட் பண்ணணும்" என்று கப்புகளை ஒவ்வொன்றாக வாளியில் அடுக்கினார். எப்போது திரும்பத் தருவீர்கள் என்று அவன் கேட்டதற்கு, "நாளைக்கு நாலு மணிக்கு வந்து பாரு. ஒரு அட்டெண்டர்தான்" என்று என்னை முறைத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என் காதருகே சொன்னார்: "போன ஒடனே சுண்ணாம்புத் தொட்டிதான் டீச்சரம்மா. மாட்டு முடியே நிக்காது அதுல."

மறுநாள் அரவிந்த் சட்டை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினான். வந்த நாளிலிருந்து அவன் தெருவில் இறங்கியது அன்றுதான். நான் பின்னாலேயே போய்ப் பலாமரத்துக்கு இந்தப்பக்கம் நின்றேன். பாய் கேட்டுக்கு வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"எங்களால ஆனதெல்லாம் பாத்தோம்ங்க."

என் மகன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஜீப்புக்கு நின்றவர்கள், செடிக்கா இந்தப் பையன் இப்படி அழுகிறான் என்று பார்த்தார்கள். வேலையை விட்டது, பெங்களூரில் தூக்கம் வராத நாட்கள், அங்கே அறை நண்பர்கள் பழக்கிவிட்ட புகை, அது இல்லாமல் இருக்க முடியாமல் போனது, இனி உயிரோடு இருந்து என்ன என்று நினைத்தது என்று எல்லாம் அங்கேயே, அந்த மனிதரிடம் வந்தது. பாய் அவன் மணிக்கட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"டீச்சரம்மா, இவன அட்மிட் பண்ணணும்."

செடியைச் சொல்வதுபோல் அவர் சொல்லவில்லை.

வேலூருக்குக் கூடவே வந்தார். அட்டெண்டராக இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எந்தக் குழாயில் குடிதண்ணீர், வராந்தாவில் எந்தப் பக்கம் சாரல் அடிக்காது, செருப்பைப் பைக்குள் போட்டுத் தலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், டாக்டர் பேசும்போது அழாமல் கேட்டுவிட்டுப் பிறகு படிக்கட்டில் போய் அழ வேண்டும் என்று எல்லாம் அவர்தான் சொன்னார். அவர் மனைவி இருந்த அதே கட்டடமா என்று நான் கேட்கவில்லை. காண்டீனுக்கு வழி கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

ஒருநாள் நர்ஸ் இரக்கப்பட்டு, "மூணரைதான் ஆவுது, பரவால்ல, உள்ள போங்கம்மா" என்றாள். நான் எழுந்தேன். பாய் கையை நீட்டி மறித்தார்.

"நாலு ஆவட்டும். அவன் நாலு மணிக்குன்னு மூஞ்சி கழுவி வச்சிருப்பான். முன்னாடி போனா அழுவறப்ப மாட்டிப்பான்."

அரவிந்த் வீட்டுக்கு வந்துவிட்டான். முழுவதும் சரியாகிவிட்டது என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அவன் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து கதவு வரைக்கும் போய்விடுவேன். திறக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவன் சில நாள் நர்சரிக்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவான். சுண்ணாம்பை நிறுத்தச் சொல்லிப் பாயோடு சண்டை போடுவான். அப்புறம் செடிகள் கொஞ்சம் பிழைக்க ஆரம்பித்தன. பாய்க்கு அதில் வருத்தம்தான். டிஸ்சார்ஜ் ஆகிற பேஷண்ட்டிடம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது.

இந்த மழைக்காலத்தில் பாய் போய்விட்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் பலாமரத்தடியில் உட்கார்ந்தாராம். டீக்கடைக்காரர் ஓடிப்போய் ஆட்டோ பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை பேரை அட்மிட் பண்ணினவர் தான் எங்கேயும் அட்மிட் ஆகாமலே போனார். அவருக்காக ஒரு வராந்தாவில், செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒரே ஒரு ராத்திரி படுத்திருக்கும் உரிமையை எனக்குக் கொடுத்திருக்கலாம்.

செடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பேஷண்ட்டுகளைத் தூக்கிப் போனார்கள். ஏட்டு ரோஜாவைக் கட்டிக்கொண்டு கேட்டில் நின்று மூக்கைச் சிந்தினார். ஆள் வராத சில தொட்டிகள் மட்டும் பலாமரத்தடியில் இருக்கின்றன. இடத்துக்காரர் மழை விடும்வரை இருக்கட்டும் என்று சாவியை அரவிந்திடம் கொடுத்திருக்கிறார்.

நேற்று ஜீப் சீக்கிரம் இறங்கிவிட்டது. கேட்டருகே அரவிந்த் நின்றுகொண்டிருந்தான். சாவி அவன் கையில்தான் இருந்தது.

"ஏம்பா, தொறக்கலாமே" என்றேன்.

"மணி ஆவலமா" என்றான்.

நாலு அடிக்கிறவரை இருவரும் தூறலில் வெளியிலேயே நின்றிருந்தோம்.