மாப்பிள்ளை கார்டுத் தேர்வுக் குழு

1999ஆம் ஆண்டில் உலகத்தில் எத்தனையோ மாநாடுகள் நடந்தன. போத்தனூரில் என் அண்ணன் ஞானாபரணம் வீட்டு முன்னறையில் நடந்த ஐந்து கூட்டங்களின் பொறுப்புணர்ச்சி அவற்றில் ஒன்றுக்கும் கிடையாது என்று அடித்துச் சொல்வேன். நான் அந்தக் குழுவின் செயலாளர். மிஷன் பள்ளியில் இருபது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த கையெழுத்து என்பதால், நடவடிக்கைப் புத்தகம் என் மடியில் இருந்தது.

குழுவின் நோக்கம்: அண்ணன் மகள் கிருபாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டருக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு தேர்ந்தெடுத்தல்.

மாப்பிள்ளை ஸ்டீவுக்கு உடுமலைப்பேட்டை. அவர் வீட்டார் 'முற்போக்கானவர்கள்'. நகை கேட்கவில்லை, பைக் கேட்கவில்லை.

"வரதட்சணைங்கற பேச்சே எங்க ஊட்டுல இல்லீங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா போனில். "பையன் கேம் ஆடறப்ப படம் திக்கித் திக்கி வருதாமா. நல்ல கார்டா ஒண்ணு போட்டுக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

அண்ணன் கண் கலங்கிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு குடும்பமா! சம்பந்தத்தை அந்தப் போனிலேயே முடித்தார். நாலு நிமிஷம். கார்டு அப்படி அவசரப்பட்டு முடிக்கிற விஷயமா? அதற்கு ஐந்து வாரம் ஒதுக்கினோம். ஆறாவது ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனையில் கல்யாண அறிவிப்பு வாசிப்பதாக ஏற்பாடு.

"அதுக்கு முன்னால அவருகூட ஒரு தடவை பேசணுங்கப்பா," என்றாள் கிருபா.

"முதல்ல கார்டு முடியட்டும், கண்ணு," என்றார் குழுத் தலைவரான அண்ணன்.

கிருபா காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறாள். ஆகவே அவளைக் குழுவில் சேர்க்கவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் உள்ளே வந்தால் விவாதம் சட்டென்று முடிந்துவிடும்.

மூன்றாவது உறுப்பினர் பக்கத்து வீட்டு அங்கப்பன். பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் சுற்றும் பட்டறை வைத்திருப்பவர். கோயமுத்தூர்ப் பக்கம் எந்த இயந்திரத்துக்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் காயில் சுற்றுபவர்களுக்கே உண்டு. ஜெபத்தோடு கூட்டம் தொடங்கும்போது எங்களுக்கு முன்னால் கண்ணை மூடுவார். ஆமென் சொன்ன பிறகு தட்டி எழுப்ப வேண்டும்.

இரண்டாவது கூட்டத்துக்குக் கடைக்காரர் ரூபன் ஒரு கார்டை எடுத்து வந்தார். அங்கப்பன் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஏனுங்க ரூபன், காயில் எங்கீங்க?"

"காயில் இல்லீங்ணா. எல்லாம் சிப்புத்தான். எட்டு எம்.பி. மெமரி."

"காயில் இல்லாம எப்படீங்க படம் ஓடும்? எடையே இல்லையே. தட்டுவடையாட்டம் இருக்குது!"

"எடையில ஒண்ணும் இல்லீங்ணா."

"மோட்டாருக்கு அதுதானுங்க எல்லாம். சரி, லோ வோல்டேஜ் தாங்குமா? சூடேறுனா நின்னுருமா, எரிஞ்சுருமா? முன்னால யாரு ஊட்டுலயாவது ஓடுனதா? அவங்க என்ன சொல்றாங்க?"

அண்ணன் அதைவிட ஆழமாகப் போனார். "கூட இருக்கற பாகங்களோட ஒத்துப்போகுமா தம்பி? ஒரு வருஷம் கழிச்சும் இதே குணத்தோட இருக்குமா?"

"மாப்பிள்ளை கம்ப்யூட்டரோட மதர்போர்டைப் பாக்காம நான் எப்படி சார் சொல்றது?" என்றார் ரூபன் பரிதாபமாக.

உடனே ஒரு தீர்மானம் போட்டோம்: 'வாழ்நாள் முழுக்க உழைக்க வேண்டிய ஒன்றை நேரில் போய்ப் பார்க்காமல் முடிவு செய்வது மடமை.' அண்ணன் முன்மொழிந்தார், அங்கப்பன் வழிமொழிந்தார். கதவருகே நின்ற கிருபா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். பார்வைகளைக் குறிப்பில் ஏற்ற விதியில்லை.

புறப்படும் நாளன்று அண்ணனுக்கு மூட்டுவலி. அங்கப்பன் மட்டும் ரூபனைக் கூட்டிக்கொண்டு உடுமலைக்கு பஸ் ஏறினார். மதர்போர்டு பொருந்தியது, கார்டும் வாங்கியாயிற்று. ஐந்தாவது கூட்டத்தில், அங்கப்பன் சொல்லி நான் எழுதிய ஆய்வறிக்கையை வாசித்தேன்.

"கம்ப்யூட்டர் மேஜை விசாலமானது. சோற்றுத் தட்டு வைத்த பிறகும் இடம் மிஞ்சியது."

"சோத்துத் தட்டு எதுக்கு மாமா?" என்றாள் கிருபா. உறுப்பினர் அல்லாதவர் பேசியது விதிமீறல். ஆனாலும் அங்கப்பன் பெருந்தன்மையானவர்.

"ஆட்டத்துல பாதியில எந்திரிக்க முடியாதில்ல, கண்ணு? அவங்கம்மா ஊட்டி உட்டாங்க. கீபோர்டுல ஒரு பருக்கை விழுகோணுமே! ஒண்ணுகூட விழுகலை, அப்படியொரு பதனம்."

"அவரு ஆளு எப்படி?"

"ரெண்டு மணி நேரம் பாத்தேன் அம்மணி. முதுகு நல்ல முதுகு."

"உங்ககிட்ட ஒண்ணுமே பேசலையா?"

"எங்கிட்ட இல்ல. அவங்கம்மா கால் தடுக்கி ஒயர் கழண்டுபோச்சு. அப்ப அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி பேசுனாரு பாரு..." அங்கப்பன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர் அதை எழுதியிருப்பாங்க."

எழுதியிருந்தேன். "ஒயர் இணைப்பு தளர்வாக உள்ளது. மாப்பிள்ளையின் குரல் தெருமுனை வரை தெளிவாகக் கேட்டது" என்று வாசித்தேன்.

"கம்பெனியில வேலைன்னாங்களே மாமா?"

"அதெல்லாம் உட்டாச்சாமா. கார்டு வந்தப்பறம் யோசிப்பாராமா."

அதுவும் புத்தகத்தில் இருந்தது, 'கார்டின் அவசரம்' என்ற தலைப்பில்.

கிருபா என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை அண்ணன் முன்னால் விரித்து வைத்தாள்.

"எனக்கு இது வேண்டாங்கப்பா."

"என்ன கண்ணு இப்படிச் சொல்லிப்போட்டே! கார்டு வாங்கியாச்சே!"

"கார்டு சரியில்லைன்னா ஏழு நாள்ல திருப்பிக் குடுக்கலாம்னு கடையில எழுதி வாங்கியிருக்கீங்க. இதா, இங்க இருக்குது. என்னை எத்தனை நாளுக்குள்ள திருப்பி எடுத்துக்குவீங்க?"

அங்கப்பன் எழுந்து, பட்டறையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் போகாமலே நின்றார். அண்ணன் அந்தப் பக்கத்தை விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், உடுமலைக்குப் போன் போட்டு, "மன்னிச்சுக்குங்க, ஒத்து வராதுங்க," என்றார்.

குழு கலைக்கப்பட்டது. செயலாளர் என்ற முறையில் புத்தகத்தை முதலிலிருந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கார்டைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்விகள் முப்பத்தொன்று. கிருபாவிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "இன்னும் ரெண்டு டம்ளர் டீ கொண்டாறியா, கண்ணு?"

கேட்டவர் பெயர்: விமலாராணி, செயலாளர். அது நான்தான்.