விலகிப் போனவர் திறந்து வைத்த ஃபைல்

என் மூத்த மகனுக்கு அப்பா தன் கையாலேயே எழுதிக்கொள்வது.

இங்கே யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் கடிதத்துக்கு அழகு என்று முதியோர் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன். உன் தம்பிக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம். அவன் மனைவிக்கு அதைவிடப் பெரிய கருவளையம். எனக்கு இடுப்புவலி, அது பழையதுதான். இந்தக் கடிதத்தைத் திங்கட்கிழமை காலையில் தொடங்குகிறேன். என்றைக்கு முடியும் என்று சொல்வதற்கில்லை. கை வலித்தால் நிறுத்துவேன், ஆனால் இதில் உள்ள ஆனந்தம் நிற்பதாக இல்லை. இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதமெல்லாம் அடுத்தவர் எழுதியது. அதில் நான் சொன்னது பாதி, எழுதினவர் சொன்னது பாதி. இதில் இருப்பது முழுக்க நான்தான், பிழை உட்பட.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுப் பின்னறையை எனக்காக ஒழித்துவைக்க வேண்டியிருக்கும். மூத்த மருமகளிடம் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல நேரம் பார்த்து, பக்குவமாகச் சொல். பசியோடு இருக்கும்போது சொல்லாதே.

காரணம் நீளம். இளைய மருமகளுக்கு என்ன வேலை என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய், நானும் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று பல்லைக் காட்டியிருக்கிறேன். இப்போது தெரிந்துகொண்டேன். யாராவது தங்கள் தொழிலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர நினைத்தால், அதற்கு முன்னால் அந்தத் தொழிலில் என்னென்ன இருக்கிறது, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று இவள் ஒரு படம் போட்டுக் கொடுக்கிறாள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பெயர், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான். இதற்குக் கருத்துருத் தரவு மாதிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைப் படிக்கவே எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. நாம் படம் என்றே சொல்வோம். இப்போது கையில் இருப்பது பெரிய சலவை நிறுவனம் ஒன்றின் படம். நம் மொழியில் இருந்தால்தான் தங்கள் ஆட்களுக்குப் புரியும் என்று அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் வாடிக்கையாளர், துணி, கறை, மூட்டை, வண்டி, ஓட்டுநர் என்று எல்லாம் தமிழிலேயே இருக்கிறது. செய்தித்தாளில் எழுத்து எறும்பு மாதிரி ஊர்கிறது. இதில் கட்டத்துக்கு ஒரு வார்த்தை, உள்ளங்கை அகலத்தில். மருமகள்தான் சொன்னாள், “மாமா, இதைப் படிச்சுப் பாருங்க. உங்களுக்குப் புரிஞ்சுதுன்னா எல்லாருக்கும் புரியும்.” உன் தம்பி எனக்கென்று பழைய லேப்டாப் ஒன்று வாங்கி வைத்திருந்தான். அவள் ஆபீசிலிருந்து வேலையை விட்டுப் போன யாரோ விற்றுவிட்டுப் போனது. அதில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தாள்.

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். காலையில் முகம் கழுவியதும் உட்கார்ந்தால் மதியம்வரை படிப்பேன். ‘ஒரு வாடிக்கையாளருக்குப் பல துணிகள் இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்’ என்று கோட்டின்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அரை நாள் சிரித்தேன். துணியே இல்லாத வாடிக்கையாளர் எந்தத் தைரியத்தில் கடைக்கு வருவான்? மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டு, “அது கடையில குடுத்த துணி மாமா, உடுத்துன துணி இல்ல” என்றாள். எனக்கு என் வாடிக்கையாளன்தான் பிடித்திருந்தது. சாப்பிடப் போகும்போதும் படுக்கும்போதும் நான் அதை மூடுவதில்லை. பாதி பேசிக்கொண்டிருக்கும் மனிதரை வெளியே விட்டுக் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கிறது.

என் பொழுது இப்படி இனிமையாகப் போக, சாப்பாட்டு மேசையில் மருமகள் பொழுது நரகமாகிக்கொண்டிருந்தது. அவளோடு சேர்ந்து இந்தப் படத்தில் வேலை செய்பவர்கள் நாலைந்து பேர், ஆளுக்கொரு ஊரில். படம் எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கிறது. ஒருவர் திறந்து வைத்திருந்தால் அவர் மூடும்வரை மற்றவர் பார்க்கலாமே தவிரக் கைவைக்க முடியாது. யார் திறந்திருக்கிறார் என்று பெயர் காட்டும். நல்ல ஏற்பாடுதான். இப்போது யார் பெயர் காட்டுகிறது தெரியுமா? போன வருடம் வேலையை விட்டுப் போன ஒருவர் பெயர். அவர் பெயரை ஆபீசில் நீக்கவே இல்லை. நீக்குவது யார் வேலை என்று இன்னும் முடிவாகவில்லையாம். “வேலையில இருந்தப்ப ஒரு ஃபைலையும் திறக்க மாட்டாரு. போனப்புறம் மூட மாட்டேங்கிறாரு” என்று ஒருவர் போனில் புலம்பியது எனக்கே கேட்டது. மருமகளின் ஆபீஸ் தலைவர் அந்த மனிதருக்குப் போன் போட்டுத் திட்டினார். அவர் தன் மாமனார் வீட்டு மரக்கடையில் உட்கார்ந்திருக்கிறாராம். நான் எதையும் தொடவே இல்லை என்று பெற்ற தாய்மேல் சத்தியம் செய்தாராம். எப்பேர்ப்பட்ட ஆள் பார். முகத்தைப் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். ஆனால் ஒரு குடும்பத்தின் வயிற்றில் அடிக்கிறவன் நன்றாக இருக்கமாட்டான் என்று நான் தினமும் பல் விளக்கும்போது அவரைச் சபிக்கிறேன்.

பொதுப் படத்தைத் தொட முடியாததால் அவரவர் ஒரு காப்பி எடுத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ‘சலவை இறுதி’ என்று ஒன்று வந்தது. மறுநாள் ‘சலவை இறுதி உண்மையானது’. அதற்கு மறுநாள் ‘சலவை இதை மட்டும் பார்க்கவும்’. அப்புறம் ‘சலவை தலைவர் சொன்னபடி’, ‘சலவை தலைவர் மாற்றிச் சொன்னபடி’, ‘சலவை தொடாதே’. இந்தப் பெயரெல்லாம் என் லேப்டாப்பிலும் வரிசையாக வந்து நிற்கும். காலையில் எழுந்ததும் இன்றைக்குப் புதிதாக என்ன வார்த்தை என்று ஆசையோடு பார்ப்பேன். எனக்குப் பாடம், அவளுக்குப் படுகுழி. ஒரு படத்தில் கறை துணிக்குச் சொந்தம், இன்னொன்றில் கறை வாடிக்கையாளருக்குச் சொந்தம், மூன்றாவதில் ஓட்டுநரையே காணோம், வண்டி தானே போகிறது. போன வாரம் ஒரு நாள் முழுக்கத் துணி என்றால் என்ன என்று சண்டை. காலுறை ஒரு ஜோடி வந்தால் அது ஒரு துணியா, இரண்டு துணியா? ஒன்று தொலைந்தால் தொலைந்தது ஒரு துணியா, அரைத் துணியா? படித்தவர்கள் இத்தனை பேர் ஒற்றைக் காலுறைக்காக அழாத குறையாகப் பேசினார்கள். மேசை முழுக்க அவள் காகிதம் பரப்பியிருந்ததால் நானும் உன் தம்பியும் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். அவன் நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிறவன். “அப்பா, லிஃப்ட் சிக்கிக்கிட்டா கூட உள்ள இருக்கிறவங்க ஒண்ணா கத்துவாங்க. இவங்க ஆளாளுக்குக் கத்துறாங்க” என்றான்.

இதையெல்லாம் ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பொறுப்பு மருமகள் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை சலவை முதலாளி நேரில் வந்து பார்க்கிறார். ஒரே படத்தைக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் இவளுக்கு வேலை நிரந்தரம், இப்படியே வீட்டிலிருந்து செய்யலாம். ஆட்டாவிட்டால் இவளைத் தலைமை ஆபீஸ் இருக்கும் ஊருக்கு அனுப்புகிறார்கள். அங்கே இவர்களுக்குக் கிடைப்பது ஒற்றை அறை. உன் தம்பியும் அவளும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் கட்டிலின் நீளத்தை அவன் முழம்போட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். அதனால்தான் பின்னறை கேட்டேன்.

இன்று வியாழக்கிழமை. மேலே எழுதியதற்கும் இதற்கும் நடுவில் ஒரு காரியம் நடந்துவிட்டது. மேலே உள்ளதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இத்தனை நாள் உட்கார்ந்து எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. நீயே மனதுக்குள் அடித்துக்கொள்.

நான் எப்போதும் பெரிய எழுத்தைத்தான் முதலில் படிப்பேன், சிறிய எழுத்துக்குத் துணிவு வந்த பிறகு போகலாம் என்று விட்டிருந்தேன். இன்று சாயங்காலம் துணிவு வந்தது. லேப்டாப்பின் மேல்விளிம்பில் மஞ்சளாக ஒரு சின்ன வரி, முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘இந்த ஃபைலைத் திருத்தப் பிறர் காத்திருக்கிறார்கள். வேலை முடிந்திருந்தால் மூடவும்.’ பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை நான் பல் விளக்கும்போது சொல்லிச் சொல்லி எனக்கு அத்துப்படி.

மருமகளுக்கு எதிரில் போய் நின்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. “ஏம்மா, அந்த விலகிப் போனவர் நான்தான் போலிருக்கு” என்றேன்.

அவள் வந்து பார்த்தாள். லேப்டாப் அவர் விற்றது. அவர் போய்விட்டார், லேப்டாப்புக்குள் இருந்த அவர் பெயர் போகவில்லை. அவள் எனக்குப் போட்டுக் கொடுத்ததும் காப்பி இல்லை, பொதுப் படத்துக்கே வழி. அவசரத்தில் கை தவறியிருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஊரெல்லாம் அலைந்திருக்கிறாள். நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எத்தனை நாளா மாமா திறந்து வச்சிருக்கீங்க?”

“நீ குடுத்ததிலிருந்துதாம்மா. இன்னும் முடிக்கல.”

“நான் என்னையே சந்தேகப்பட்டேன் மாமா” என்றாள், மெதுவாக. “தூக்கத்துல எழுந்து திறக்கிறேனோன்னு.” அப்புறம், “மூடுங்க. முதல்ல அதை மூடுங்க” என்றாள்.

மூடப் போனால், மாற்றியதைச் சேமிக்கவா என்று அது கேட்டது. எதை மாற்றினேன்? கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் எனக்குப் படித்த இடம் தப்பிவிடும். அதனால் கட்டங்களை விரலால் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தி வழிபண்ணிக்கொண்டுதான் படித்தேன். பெருக்கும்போது நாற்காலியை நகர்த்துகிற மாதிரி. அதைச் சொன்னதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “எதையாவது அமுக்குங்க மாமா. இனிமே அதுல என்ன இருக்கு” என்றாள். ஆம் என்பதை அமுக்கினேன். அதுதான் நான் தனியாகப் படித்துத் தனியாக முடிவெடுத்து அமுக்கிய முதல் பொத்தான். சந்தோஷப்படும் நேரம் அது இல்லை என்று தெரிந்தும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

இனி அத்தனை காப்பிகளையும் ஒன்றாக்க நேரமில்லை. யாருடையதை எடுத்தாலும் மற்றவர் சண்டைக்கு வருவார். நாளைக்கு முதலாளி முன்னால் குழப்பத்துக்கு இவள்தான் காரணம் என்று சொல்லப்போவதாகத் தலைவர் இப்போதே சொல்லிவிட்டார். மாமனார் படித்ததால் வந்த வினை என்று இவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பின்னறை விஷயம் உறுதி என்று வைத்துக்கொள். கட்டில் கொண்டு வரவில்லை, பாய் போதும். உங்கள் வீட்டில் எதையும் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறேன்.

உனக்கும் மூத்த மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும், குறைந்த சண்டையும், நிறைந்த தூக்கமும் கிடைக்கட்டும். பெரிய பேத்தியிடம் தாத்தாவுக்கு எழுதத் தெரியும் என்று சொல்.

இப்படிக்கு, களைத்துப்போன உன் அப்பா.

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. பின்னறையைத் தொடாதே. மூத்த மருமகளை நிம்மதியாக மூச்சு விடச் சொல். நான் வரவில்லை.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்துவிட்டது. கடைசியாகக் கைபட்ட படம்தான் வரிசையில் முதலாவதாக நிற்குமாம். நேற்றுத் தலைவர் முதலாளி எதிரில் பதற்றத்தில் முதலாவதை அமுக்கியிருக்கிறார். நான் கட்டங்களை நகர்த்தி வைத்த படம் திறந்துகொண்டது. முதலாளி விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படித்தாராம். யாரோ காலுறை ஜோடி என்று ஆரம்பித்ததும், “நாங்க எடை போட்டுத்தான் வாங்குறோம், எண்ணுறதே இல்லியே” என்றாராம். காலுறைச் சண்டை அதோடு முடிந்தது. இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் தனக்குக் காட்டியதில்லை, இதைச் செய்தவர் யார் என்று கேட்டு, ஓரத்தில் கடைசியாகக் கைவைத்தவர் என்று இருந்த பெயரையும் அவரே படித்துவிட்டார். வேலையை விட்டுப் போனவர் என்று தலைவரால் சொல்ல முடியுமா? “அவர் வெளியில இருக்கார்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அவரே மேற்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தலைவர் மரக்கடைக்குப் போன் போட்டார். அந்த மனிதர் இன்னொரு திட்டு என்று நினைத்து, “நான் தொடல சார், சத்தியமா தொடல” என்றாராம். முன்பைவிடப் பெரிய பதவி என்று சொன்னதும், “ஆமா சார், நான்தான் செஞ்சேன்” என்றாராம்.

அப்புறம் அந்த மனிதரே ரகசியமாக நம் மருமகளைப் போனில் கூப்பிட்டு, நான் என்னம்மா செஞ்சிருக்கேன் என்று கேட்டார். முதலில் என் வேலையை நிரந்தரமாக்குங்கள், பிறகு சொல்கிறேன் என்றாள் இவள். நேற்றுச் சாயங்காலமே புதுப் பதவியில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உன் தம்பி என் கட்டிலுக்குப் புதுக் கயிறு வாங்கி வந்திருக்கிறான்.

நாளைக்கு அந்த மனிதர் படத்தைப் புரிந்துகொள்ள நம் வீட்டுக்கு வருகிறார். மருமகளுக்கு இரண்டு நாள் தூங்க வேண்டுமாம். “மாமா, நீங்களே சொல்லிக் குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். நான் படத்தில் இன்னும் மூட்டை என்கிற கட்டம் வரைக்கும்தான் படித்து வந்திருக்கிறேன்.