அறுபத்திரண்டு டிகிரி ஆட்சி

வெர்லின் டோலெஃப்சன் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் செத்துப்போய் ஆறு மாதம் கழித்துத்தான் அந்தச் செய்தி அவருக்குத் தெரிந்தது.

தப்பு ஃபர்னஸ் மேல் இல்லை. அது பாவம், ஏப்ரல் கடைசியில், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், நிலவறையில் நின்றபடியே உயிரை விட்டிருந்தது. வெர்லின்தான் நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் அதன் பக்கம் போக மாட்டார். ஹால்வர் லேக் என்ற அந்தக் குளிர்ப்பிரதேச ஊரில் ஆண்பிள்ளைகளின் வீரத்தை அளக்க இருக்கும் ஒரே அளவுகோல் அது. அக்டோபரில் ஃபர்னஸ் போட்டவன் என்று பெயரெடுத்துவிட்டால், மாட்டுத்தீவனக் கடையில் காலைக் காப்பி குடிக்கும் மேஜையில் அப்புறம் நாற்காலி கிடைக்கும், மரியாதை கிடைக்காது. போன வருஷம் ஒருத்தர் இருபத்தாறாம் தேதி போட்டுவிட்டார். பேரக் குழந்தைக்குச் சளி என்று காரணம் சொன்னார். அவரை இன்னும் 'ஹவாய்க்காரர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

வெர்லினோ பதினோரு வருஷமாக அந்த மேஜையின் முடிசூடா மன்னர். அவர் அப்படி மன்னராக இருப்பதற்காக வீட்டில் அவர் மனைவி ஆர்டிஸ் கையுறை போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார்.

"குளுருதுன்னா ஸ்வெட்டர் போட்டுக்கோயேன்."

"போட்டிருக்கேன். ரெண்டு. அதுக்கு மேல போட்டிருக்கறது உன்னோடது."

"அப்புறம் என்ன?"

"ஒண்ணுமில்ல. மூக்குக்குத் தனியா ஸ்வெட்டர் விக்கறாங்களான்னு விளம்பரத்துல பாத்துக்கிட்டிருக்கேன்."

நவம்பர் ஒன்று விடிந்தது. வெர்லின் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டு, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்க ஹால் சுவரில் இருந்த வட்டமான பழைய தெர்மோஸ்டாட்டின் முன் வந்து நின்று, கொடியேற்றுகிற தோரணையில் அதைத் திருகினார். ஃபர்னஸ் பதில் பேசவில்லை. இன்னொரு தரம் திருகினார். கீழே இறங்கிப்போய் ஒரு உதை விட்டுப் பார்த்தார். கால்தான் வலித்தது.

ஃபர்னஸ் வியாபாரி டெல்மர் ஜாஸ்ட்ரோ வந்தார். டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"எப்ப நின்னுச்சு வெர்லின்?"

"இன்னிக்குக் காலைல."

"உள்ள ஒரு எலி குடித்தனம் வந்து, குட்டி போட்டு, குட்டிங்க எல்லாம் பெரிசாகி, வீட்டையும் காலி பண்ணிட்டுப் போயிருக்கு. எல்லாம் இன்னிக்குக் காலைலயா?"

சமையலறை மேஜையில் மூன்று ஃபர்னஸ்களின் படங்கள் விரிக்கப்பட்டன. ஆர்டிஸ் காப்பியும், ருபார்ப் கேக் துண்டுகளும் கொண்டு வந்து வைத்தார். வெர்லின் எதையும் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். எது மட்டமோ அது. இதை அவர் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டார். கொள்கை என்பார்.

"இது உசத்தி," என்றார் டெல்மர். "நூறு டாலருக்கு கேஸ் எரிச்சீங்கன்னா தொண்ணூத்தாறு டாலர் சூடு வீட்டுக்குள்ள வரும். இது நடுத்தரம். இது கடைசி, எண்பதுதான். மீதி இருபது புகைபோக்கி வழியா வெளிய போயிடும்."

"எது விலை கம்மி?"

"எண்பது."

"அதைக் குடு."

"இருபது ஆகாசத்துக்குப் போகுதாமே," என்றார் ஆர்டிஸ்.

"நான் பள்ளிக்கூடத்துல எண்பது வாங்கினதே இல்ல. என்னைவிடப் புத்திசாலியா ஒரு மெஷின் இருந்தா எனக்குப் போதும்."

"அப்ப எந்த மெஷினா இருந்தாலும் சரியாப் போச்சு." ஆர்டிஸ் கேக் தட்டை டெல்மர் பக்கம் நகர்த்தினார். "அப்படியே ஒரு ஏ.சி.யும் போட்டுடலாம்."

வெர்லின் சிரித்தார். "மின்னசோட்டால ஏ.சி.யா? நமக்குக் கோடையே மூணு வாரம். அதுல ஒரு வாரம் மழை."

"வேண்டாம்னா விடு," என்றார் ஆர்டிஸ், கரண்டியைத் துடைத்துக்கொண்டே. "ரெண்டையும் சேத்து வாங்கினா பெரிய தள்ளுபடி உண்டுன்னு யாரோ சொன்னாங்க. குளிர்காலத்துல ஏ.சி.யை யாரும் சீண்ட மாட்டாங்களாம். நமக்கு எதுக்கு அதெல்லாம். ஜூலை மாசம் முழு விலை குடுத்து வாங்கறவங்க வாங்கிக்கட்டும்."

வெர்லினின் காது நிமிர்ந்தது. தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டபிறகு சும்மா உட்காருவது அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏ.சி. இல்லாத வீடு ஒரு வீடா என்று டெல்மரிடம் அவரே வாதாடிக்கொண்டிருந்தார். பேரத்தில் இன்னும் கொஞ்சம் குறைத்தார். ஆர்டிஸ் ஆச்சரியப்பட்டுப் பார்த்தார். வெர்லினுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் வெர்லினின் உண்மையான திட்டம் ஃபர்னஸ் வாங்குவதோடு முடியவில்லை. தெர்மோஸ்டாட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்குத் தலைவர். இது அந்த ஊரில் எழுதாத சட்டம். முப்பத்துநாலு வருஷமாக வெர்லின் அதை அறுபத்திரண்டு ஃபாரன்ஹீட்டில், அதாவது ஸ்வெட்டர் குளிரில், வைப்பதும், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் ஆர்டிஸ் எழுபத்திரண்டுக்குத் திருகுவதும், கேட்டால் "தூசி துடைச்சேன், கை பட்டிருக்கும்" என்பதுமாகக் குடும்பம் நடந்து வந்தது. அவ்வளவு தூசி வேறு எந்த வீட்டிலும் கிடையாது. வெர்லினுக்கு அறுபது வயதாகிவிட்டது. இனியாவது ஆட்சி நிலைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது நியாயம்தான்.

ஃபர்னஸ் மாற்றுகிற அன்று காலை பழையதைப் பிரித்துத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். ஆர்டிஸ் மேலே சூப் கிளறிக்கொண்டிருந்தார். வெர்லின் படியேறிப்போய் நிலவறைக் கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். இறங்கி வந்து டெல்மரின் தோளில் கை போட்டார்.

"டெல்மர், ஹால்ல இருக்கற பழைய வட்டப் பொட்டி அங்கயே இருக்கட்டும். அதைத் திருகறதுல அவளுக்கு ஒரு சந்தோஷம். ஆனா அதோட ஒயரை மட்டும் வெட்டி விட்டுடு. நீ புதுசாக் குடுக்கற பொட்டிய இங்க, என் பட்டறை மேஜைக்கு மேல மாட்டு. இதுதான் நெஜம். அது பொம்மை."

"அவங்க மேல திருகிக்கிட்டே இருப்பாங்களே."

"திருகட்டும். விரலுக்கு நல்ல பயிற்சி."

"அதுல வீட்டுச் சூட்டைக் காட்டற முள்ளு காட்டிக் குடுத்துடும் வெர்லின்."

"அந்த முள்ளு பத்து வருஷமா அறுபத்தெட்டுலயே சிக்கிக் கெடக்கு. அவளும் பத்து வருஷமா அதை நம்பிக்கிட்டிருக்கா. மனுஷங்களுக்குச் சூடு தேவையில்ல டெல்மர். சூடா இருக்குன்னு ஒரு நம்பிக்கைதான் தேவை."

இதைச் சொன்னபோது தனக்குள் ஒரு பெரிய தத்துவஞானி வீணாகிவிட்டதாக வெர்லினுக்கே தோன்றியது. டெல்மர் தலையைச் சொறிந்தார். அந்த ஊரில் யாரும் யாரிடமும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. அப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

"பண்ணிடலாம்," என்றார் டெல்மர்.

மத்தியானம் ஆர்டிஸ் டெல்மரை மட்டும் சூப் குடிக்கக் கூப்பிட்டார். அரை மணி நேரம் கழித்து டெல்மர் இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. சூப் காரம் போலிருக்கிறது என்று வெர்லின் நினைத்துக்கொண்டார். அந்த ஊர் சூப்பில் மிளகைக் கண்டவர் கிடையாது என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அந்தக் குளிர்காலம் வெர்லின் வாழ்க்கையின் பொற்காலம். தினமும் காலையில் நிலவறைக்கு இறங்குவார். பட்டறை மேஜைக்கு மேல் புதுப் பெட்டி கண்ணாடிக்குள் 62 என்று காட்டும். ஒரு புன்னகை. மேலே ஏறி வருவார்.

"எழுபத்திரண்டு வெச்சிருக்கேன் வெர்லின், பரவாயில்லையா?" என்பார் ஆர்டிஸ், வட்டப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு.

"தாராளமா வெச்சுக்கோ."

"ரொம்ப மாறிட்ட நீ."

"வயசாகுதில்ல. விட்டுக்குடுக்கக் கத்துக்கணும்."

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றினார். பிறகு மூன்று ஸ்வெட்டரையும் கழற்றினார். ஜனவரியில் வீட்டுக்குள் செருப்பு இல்லாமல் நடந்தார். நம்பிக்கை மனுஷர்களை என்ன பாடுபடுத்துகிறது என்று வெர்லின் மனதுக்குள் சிரித்தார். சிரித்தபோது அவருக்கு வியர்த்தது. அவரும் அரைக்கைச் சட்டைக்கு மாறியிருந்தார். அதற்கு அவரிடம் வேறு விளக்கம் இருந்தது. ஃபர்னஸ் அவ்வளவு அருமையானது. அதைத் தேர்ந்தெடுத்தவர் அதைவிட அருமையானவர். கேஸ் கட்டணமோ வருஷம் முழுவதும் மாதாமாதம் ஒரே தொகையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டையும் அவரேதான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்.

காப்பி மேஜையில் அவர் பேச்சு வேறாகிவிட்டது. "பெரிய மெஷின் சோம்பேறி," என்பார். "சின்னது ஓடிக்கிட்டே இருக்கும். ஓடறவனுக்குத்தானே உடம்பு சூடாகும்? அறுபத்திரண்டு வெச்சா எண்பது மாதிரி அடிக்குது." கேட்டவர்கள் "அப்படியா" என்றார்கள். அந்த ஊரில் அதற்கு, நீ சொல்வதில் ஒரு எழுத்துகூட நம்பவில்லை என்று அர்த்தம். வெர்லின் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஊர்த் தேவாலயத்தின் ஃபர்னஸும் இருமத் தொடங்கியது. வெர்லின்தான் கட்டடக் கமிட்டித் தலைவர். அடுத்து திருச்சபைத் தலைவராக வேண்டும் என்பது இருபது வருஷ ஆசை. கூட்டத்தில் எழுந்தார். என் வீட்டில் இருக்கும் அதே மட்ட விலைச் சாமான், அதே அறுபத்திரண்டு டிகிரி, என்று முழங்கினார். மிச்சமாகும் பணத்தில் கூரையே மாற்றலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு என்று முடிவாயிற்று.

பொருளாளர் ஆர்ரின் ஹாக்ஸ்டாட் மட்டும் மோவாயைத் தடவினார். காப்பி மேஜையில் வெர்லினுக்கு எதிர் நாற்காலி அவருடையது. அவர் காதில் விழுந்தது ஒரு மணி நேரத்தில் ஊர் எல்லையைத் தாண்டிவிடும்.

"நேர்ல பாத்துட்டு ஓட்டுப் போடறேன்," என்றார்.

"வா. பாரு. எனக்கென்ன பயம்?"

சனிக்கிழமை மத்தியானம் ஆர்ரின் வந்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு. மூக்குக்குள் முடி உறைகிற குளிர். உள்ளே வந்து கோட்டைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். அடுத்து என்ன கழற்றலாம் என்று யோசித்து, மரியாதைக்காக நிறுத்திக்கொண்டார்.

"என்னடா வெர்லின், வேகுது."

"அறுபத்திரண்டு," என்றார் வெர்லின் அடக்கத்தோடு.

"எனக்கு நம்பிக்கையில்ல."

"கீழ வா. கண்ணால பாரு."

சமையலறையைத் தாண்டும்போது ஆர்டிஸ் ஸ்லீவ்லெஸ் கவுனில் நின்று ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தார். "காப்பி போடட்டுமா ஆர்ரின், இல்ல ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸா?" என்றார். ஆர்ரின் ஜூஸ் கேட்டார்.

நிலவறையில் ஃபர்னஸ் இரைந்துகொண்டிருந்தது. வெர்லின் கடவுள் படத்துக்கு முன்னால் திரையை விலக்குகிற பக்தியோடு ஒரு ஓரமாக ஒதுங்கி நின்று, சுவரைக் காட்டினார். பெட்டியில் 62.

ஆர்ரின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்ப இதைக் கொறைச்சா நிக்கணுமே?"

"கொறைச்சுத்தான் பாரேன்."

ஆர்ரின் பொத்தானை அழுத்தினார். அறுபது. ஃபர்னஸ் ஓடியது. ஐம்பத்தைந்து. ஓடியது. ஐம்பது. முன்னைவிட உற்சாகமாக ஓடியதுபோல் இருந்தது. ஆர்ரின் பொத்தானில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். எண்கள் அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றன.

"புதுசு," என்றார் வெர்லின். "புரிஞ்சுக்க நேரம் எடுக்கும்."

"நவம்பர்லேர்ந்து புரியலையா அதுக்கு?"

ஆர்ரின் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. பின்னால் இரண்டு பேட்டரி, ஒரு ஒட்டுநாடா. சுவரில் ஒயர் இல்லை. ஒயர் வருவதற்கு ஓட்டைகூட இல்லை. ஆர்ரின் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைப் பத்திரமாக வெர்லினின் உள்ளங்கையில் வைத்தார். அது அப்போதும் 50 என்று காட்டியது. நாளைய வாக்கெடுப்பு, தலைவர் பதவி, காப்பி மேஜை எல்லாம் வரிசையாக வெர்லினின் கண்முன் வந்து நின்றன.

"பேட்டரியாவது நல்ல கம்பெனி," என்றார் ஆர்ரின்.

அப்போது சட்டென்று ஃபர்னஸ் நின்றது. நிலவறை அமைதியானது. தலைக்கு மேலே, மேல் வீட்டுக்குச் சூடு கொண்டுபோகும் தகரக் குழாய்க்குள்ளிருந்து, ஒலிபெருக்கி வைத்ததுபோல் கணீரென்று ஆர்டிஸின் குரல் வந்தது.

"வேகுதுன்னியே ஆர்ரின், இங்க ஹால்ல கொஞ்சம் கொறைச்சு வெச்சிருக்கேன். ஜூஸ் ரெடி, மேல வா."

இரண்டு பேரும் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள்.

"வெர்லின், கத்த வேண்டாம், மெதுவாப் பேசினாலே கேக்கும். அன்னிக்கு நீ கதவைத் தாழ் போட்டுட்டு டெல்மர்கிட்ட பேசினதுகூட இங்க நல்லாவே கேட்டுச்சு."