தொட்டாற்சிணுங்கி சொன்ன வேலை

கடத்தூர் கல்யாண மண்டபத்தில் அன்று கல்யாணம் இல்லை. ஆனால் வாசலில் வாழைமரம் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, பந்திக்கு முந்துவது போல முந்தும் கூட்டமும் உண்டு. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், சுற்றுச்சூழல் அறிவியல் முடித்த பட்டதாரிகளும் அவர்களைப் பெற்றவர்களும் வந்திருந்தார்கள். அடுத்து என்ன படிப்பது, எந்த வேலைக்குப் போவது என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். சொல்லப்போவது ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடி.

உங்களால் நம்ப முடியவில்லை. தருமபுரியிலும் நல்லம்பள்ளியிலும் ஏற்கெனவே நம்பி முடித்துவிட்டார்கள். 'தாவரஜோதி' சந்திரமோகன் என்பவர் பச்சைப் பட்டு தரைவரை தொங்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். மேசைமேல் மண்தொட்டி, தொட்டியில் செடி. பிள்ளையின் பெயரையும் ஒரு படிப்பையோ வேலையையோ உரக்கச் சொல்வார். இலை மூடினால் அந்த வழி ஆகாது. விரிந்தே இருந்தால் அதுதான் விதித்த வழி. மூடிய செடி மறுபடி விரியக் கால் மணி நேரமாவது பிடிக்கும் என்பதால், சுவர் ஓரமாகத் தரையில் இருபது தொட்டிகள் ஓய்வில் இருந்தன. ஓய்வு என்று சொல்லக் கூடாதாம். தவம்.

பூவிழிக்கு டோக்கன் நாற்பத்தொன்று. தாவரவியலில் இளநிலை முடித்தவள். கோவையில் எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியலுக்கு இடம் கிடைத்திருந்தது. நாளை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. அவர்கள் ஊரில் பல்லில் காவிக்கறை இல்லாமல் சிரிப்பவர்கள் குறைவு. கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு செய்யும் வேலை அது. அந்தத் தண்ணீரைச் சோதித்துச் சரிசெய்யும் வேலைக்குப் போக வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு ஆசை. ஆசைக்கும் கோவைக்கும் நடுவில் இப்போது ஒரு செடி நின்றது.

நிறுத்தியவர் அப்பா பச்சியப்பன். தக்காளி விவசாயி. நாற்று வாங்கப் போனால் தட்டிலிருந்து பிடுங்கி வேரைப் பார்க்காமல் வாங்க மாட்டார். மகளின் எதிர்காலத்தை மட்டும் இலையைப் பார்த்தே வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார்.

"ஏம்ப்பா, இத நாங்க பரீட்சையிலயே எழுதியிருக்கோம். தொட்டாலோ ஆட்டுனாலோ காம்படியில இருக்கற தண்ணி நகர்ந்து எல மூடிக்கும். அதுக்குக் காதும் கெடையாது, ஜாதகமும் தெரியாது."

"அது சாதாரண செடிக்குப் பாப்பா. இது மந்திரிச்ச செடிங்கறாங்க."

"யாருப்பா சொன்னது?"

"மந்திரிச்சவருதான்."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நாற்பதாம் டோக்கன் பிரியதர்ஷினி. பூவிழியின் வகுப்பில் முதல் மாணவி. தொட்டாற்சிணுங்கி ஏன் மூடுகிறது என்று படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவள். அவள்தான் இப்போது அதன் முன் கைகட்டி நின்றாள். ஆய்வக வேலை என்று சந்திரமோகன் சொன்னதும் இலை மூடியது. அலுங்காமல் தொட்டியை மாற்றினார்கள். வனத்துறைத் தேர்வு என்றார், மூடியது. மறுபடி மாற்றினார்கள். 'பசுமைவழி ஆலோசகர் பட்டயம்' என்றார். செடி பசுமையாக விரிந்து நின்றது. அந்தப் பட்டயப் படிப்பை நடத்துபவர் சந்திரமோகனேதான். காலையிலிருந்து நாற்பது பேருக்கும் அதே பதில். விதிக்கு எழுதி எழுதிக் கை வலித்து, ஒன்றையே நகல் எடுத்துவிட்டது போலிருக்கிறது.

"பூவிழி. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்," என்றார் சந்திரமோகன்.

இலைகள் மூடின.

"ஆகாதுங்க. பொண்ணுக்குத் தண்ணில கண்டம் இருக்குது. மீறி அனுப்புனா நீங்கதான் வருத்தப்படுவீங்க."

பச்சியப்பனின் முகம் வெளுத்தது. "அப்ப வேணாம் பாப்பா. இவரு சொல்றதயே படிச்சுக்கலாம்."

பூவிழிக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது.

"சரிங்க சாமி. இன்னும் நாலு வேல கேட்டுக்கறேன். ஆனா செடிய மேசைக்குத் தூக்க வேணாம். அது தவம் பண்ற எடத்துலயே போயி கேட்டுக்கறேன்."

"அங்க கேட்டா பலிக்காதுமா."

"ஏனுங்க, மந்திரம் செடிக்கா, மேசைக்குங்களா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அது நாலு பேருக்குத் தொற்றியது. 'கேக்கட்டும் விடுங்க' என்று பின்வரிசையில் குரல் எழுந்தது. பூவிழி சுவர் ஓரம் போனாள். இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பூவிழி. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்."

விரிந்திருந்த தொட்டிகளில் ஓர் இலைகூட அசையவில்லை.

"பூவிழி. போலி டாக்டர் வேலை."

அசையவில்லை.

"பூவிழி. சந்தன மரம் வெட்டிக் கடத்தற வேலை."

விரிந்திருந்த செடிகளெல்லாம் ஏகமனதாக ஆசி வழங்கின. பூவிழி குனிந்தாள். "பசுமைவழி ஆலோசகர் பட்டயம்," என்று சொல்லிவிட்டு முதல் தொட்டியின் விளிம்பை விரலால் பலமாகச் சுண்டினாள். இலைகள் சடசடவென்று மூடிக்கொண்டன.

"அவரு கோர்ஸும் ஆகாதாமுங்க."

"செடிக்குக் கோபம் வந்திருச்சு," என்று சந்திரமோகன் எழப் பார்த்தார். அவருக்கும் முன்னால் பச்சியப்பன் மேசையருகே போயிருந்தார். வேரைப் பார்க்கும் புத்தி தாமதமாகத்தான் வந்தது, வந்தவரை லாபம். பச்சைப் பட்டுத் துணியைத் தூக்கினார். மேசைப் பலகையில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாகத் தொட்டியின் அடியை முட்டும் ஒரு குச்சி. குச்சியின் மறுமுனை சந்திரமோகனின் முழங்காலில் துணியால் கட்டியிருந்தது.

"ஏனுங்க சாமி, எம் பொண்ணுக்குக் கண்டம் உங்க முட்டிலதான் இருந்துச்சுங்களா?"

சந்திரமோகன் எழுந்து ஓடினார். குச்சியோடு ஓடுவது எளிதல்ல. வாசல்வரை நொண்டிய தாவரஜோதியை வாழைமரத்தடியில் மடக்கி உட்கார வைத்தார்கள். யாரோ போலீசுக்கு போன் போட்டார்.

பச்சியப்பன் மகளை நிமிர்ந்து பார்க்கக் கூசினார். "ஒரு குச்சிய நம்பி உன்ன நிறுத்தப் பாத்தேன் பாப்பா. வூட்டுக்குப் போயி துணிமணி எடுத்து வை. காலைல மொத பஸ்ஸுக்கு நானே கொண்டாந்து வுடறேன்."

பூவிழி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது பிரியதர்ஷினி கவலையோடு அருகே வந்தாள்.

"அப்ப நான் எந்த வேலைக்குப் போறது பூவிழி? இனி யாரக் கேக்கறது?"

"என்னென்ன வேல இருக்குதுன்னு தேடிப் படி. அந்த வேலைல இருக்கறவங்கள நேர்ல போயி கேளு. அப்புறம் உனக்கு எது புடிக்குதுன்னு உன்னையே கேளு."

பிரியதர்ஷினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"அதுக்கு டோக்கன் எங்க குடுக்கறாங்க?"

செடிக்கு மூளை இல்லை. அது அதன் குற்றமும் இல்லை. மூன்று வருடம் அதைப் பற்றியே படித்துவிட்டு அதன் முன் கைகட்டி நிற்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.