ஆடாத சுவருக்கு லேசர் சான்றிதழ்

யட்டியாந்தோட்டை,
12.8.1979

மரியன்னையின் காவலில் கொடகவெலயில் நலமாக வாழும் அன்பு மச்சான் அந்தனிக்கும் குடும்பத்தாருக்கும் சிறில் எழுதிக்கொள்வது. இங்கு நான், உங்கள் தங்கை தெரேசம்மா, மகள், இன்னும் குப்புற விழாத பேரன் யாவரும் சுகம். ஞானஸ்நானத்துக்கு வந்து தங்கினால் சுவர் தலையில் விழாதா என்று கேட்டிருந்தீர்கள். இனி அந்தப் பயம் வேண்டாம். நம் ஒற்றை அறைக் காம்பராச் சுவரை விஞ்ஞானமே வந்து பார்த்துவிட்டது.

நம் லயத்து வீடுகளுக்கு மேலே, ரோட்டுக்குக் கல்லெடுக்க மலையில் வெடி வைப்பதும், ஒவ்வொரு வெடிக்கும் நம் சுவரின் வெடிப்பு அகலமாவதும் உங்களுக்குத் தெரியும். இப்போது அதில் பல்லிகள் குடும்பம் நடத்துகின்றன. தெரேசம்மா விடாமல் போய்ச் சொன்னதில் தோட்டத்துத் துரைக்கு அலுத்துப்போய், கொழும்பிலிருந்து தாஸிம் என்ற விஞ்ஞானி ஐயாவை வரவழைத்தார். அவர் மூன்று கால் ஸ்டாண்டில் லேசர் மெஷினை நிறுத்தினார். அதன் சிவப்பு வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்புமாம், சுவர் தலைமயிரளவு நடுங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடுமாம், பாறைக்குள் அதிர்வு அலையலையாக ஓடிவருவதைக்கூட அளக்குமாம். எனக்கு ஒரே சந்தோஷம். நாங்கள் சொன்னால் நம்பாத துரை, வெளிச்சம் சொன்னால் நம்புவார் அல்லவா? ஆனால் முதலில் எங்களை வெளியே போகச் சொன்னார்கள், நடந்தால் நிலம் அதிருமாம். பிறகு பக்கத்துக் காம்பராவில் தேங்காய் துருவக் கூடாது என்றார்கள். தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் உருளைகளை நிறுத்தினார்கள். பேரன் அழுதான், மகள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினாள். கடைசியில் துரை குவாரிக்கு ஆளனுப்பி, அன்றைய வெடியையும் நிறுத்திவிட்டார்.

"ஐயா, வெடி வச்சாத்தானே சுவர் ஆடும்?" என்று கேட்டேன்.

"வெடி வச்சா நிலம் ஆடும். நிலம் ஆடினா மெஷினும் ஆடும். அப்புறம் அளவு பிழைச்சுப்போகும்" என்றார் தாஸிம் ஐயா.

அந்த அமைதியில் அளந்தார்கள். சுவர் ஆடவில்லை. துரை என் தோளில் தட்டி, "சிறில், பிரஸ்னயக் நே" என்றார். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

அப்போதுதான் தெரேசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அப்படீன்னா ஐயா, நாளைக்கு வெடி வைக்கிற வரைக்கும் இந்த மெஷினை எங்க சுவரோரமா வச்சுட்டுப் போங்களேன். எங்க புள்ளையையும் அங்கதான் படுக்கப் போடுறோம்" என்றாள். தாஸிம் ஐயா வெடிப்பைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். "விலை கூடின சாமான்ம்மா" என்று மட்டும் சொன்னார். ஆனாலும் சுவர் பலமானது என்ற அறிக்கை மறுநாளே ஆபீஸ் கதவில் ஒட்டப்பட்டது. உங்கள் தங்கைக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை குறைவு. அன்றிலிருந்து பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவில்தான் தூங்கவைக்கிறாள்.

ஆகவே தைரியமாகக் குடும்பத்தோடு வாருங்கள். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். மாதா உங்கள் கூரையையும் எங்கள் கூரையையும் சேர்த்தே தாங்குவாளாக.

இப்படிக்கு,
அன்புள்ள,
சிறில்

பி.கு.: உறையை ஒட்டும்போது மேலே குவாரியில் வெடி வெடித்தது, சுவர் விழுந்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. துரை வந்து பார்த்து, அறிக்கையில் பிழையில்லை, சுவர் இப்போதும் ஆடவில்லைதானே என்றார். நீங்கள் வர வேண்டாம். ஞானஸ்நானத்தை உங்கள் ஊர்க் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம், சனிக்கிழமை பாய் தலையணையோடு நாங்கள் எல்லோரும் அங்கே வருகிறோம். அதுவரை உங்கள் வீட்டுச் சுவரை யாரையும் அளக்க விடாதீர்கள்.