பூட்டில்லாத பாட்டு

பாட்டை யாரும் காசு கொடுத்து வாங்காத ஊரில், வாங்குகிறவனுக்குத் தலைக்கனம் வருவது இயற்கை. எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்தது.

2000களில் ஆம்பூர் தோல் கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் இருந்தேன். இன்டர்நெட்டில் முதலில் வாங்கிய பாட்டுகள் பூட்டுப் போட்டவை. என் கம்ப்யூட்டரைத் தாண்டி எதிலும் பாடாது. பிறகு ஒரு வெளிநாட்டுத் தளம் பூட்டில்லாமலே விற்றது. எதில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். ஓர் ஆர்கன் இசையை வாங்கி ரிங்டோனாக வைத்தேன். (ஊரில் வேறு யாரிடமும் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன்.)

அப்போதுதான் கிரேஸைப் பெண் கேட்டிருந்தோம். முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய பெரியப்பா. அவருக்கு என்னைப் பிடித்ததோ இல்லையோ, ரிங்டோன் பிடித்துவிட்டது.

“அத்த என் போன்லயும் ஏத்து தம்பி. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போய்ட்டு வந்து முடிவு சொல்றேன்.”

அப்போதே ஏற்றிக் கொடுத்தேன். ஞாயிறு மதியம் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கோயிலிலிருந்து வந்து கோட்டைக் கழற்றி மாட்டியவர், நாற்காலியிலேயே போய்விட்டாராம்.

மறுநாள் அடக்கம். அதே கோட்டைப் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. சர்ச் ஐயர் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னார். அந்த அமைதியில் என் ரிங்டோன் ஒலித்தது.

“இன்னாப்பா இது? ஆஃப் பண்ணு!” என்று பல்லைக் கடித்தார் கிரேஸின் அப்பா.

பையிலிருந்து போனை வெளியே எடுத்தேன். அது ஒலிக்கவில்லை. ஆர்கன் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. கோட்டின் உள்பையில் இருந்த போனை யாரும் கவனிக்கவில்லை. நானோ, சட்டைப்பையில் போனை அமுக்கிக்கொண்டே நின்றதில், கடைசியாக அழைத்தவரையே மறுபடி அழைத்திருக்கிறேன். திரையில் பெரியப்பாவின் பெயர்.

கட் பண்ண விரல் வரவில்லை. பெரியம்மா அலறிக்கொண்டு அவர் நெஞ்சின்மேல் விழுந்தார். சத்தம் நின்றது. என் திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்தன. அந்தப் பக்கம் போனை எடுத்தாயிற்று.

காதில் வைத்தேன். (ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.) துணி உரசுகிற மாதிரி ஏதோ கேட்டது. “ஹலோ” என்றேன். என் குரலே பெட்டிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது. ஐயர் இரண்டடி பின்னால் போனார்.

பெரியம்மா விழுந்ததில் பொத்தான் அமுங்கியிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. துக்கம் ஆறியதும் கிரேஸின் அப்பாவிடம் ஒரே போடாகப் போட்டார்: “உங்க அண்ணனே போன எடுத்துட்டாரு. அப்புறம் இன்னா யோசன? பொண்ணக் குடுத்துடுங்க.”

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும், சண்டை வந்தால் கிரேஸ் சொல்வாள்: “பெரியப்பா அன்னிக்கு வேணாம்னுதான் சொன்னாரு. நீங்க ஹலோன்னு கத்துனதுல யார் காதுலயும் வுழல.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன். துணி உரசிய அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தை இருந்தது என்று அவர்களிடம் இதுவரை சொன்னதில்லை.